பன்னிரண்டாம் நம்பர் அட்டை

எங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னலில் ஒரு நூல் கட்டியிருக்கிறது. அதில் இருபத்து மூன்று மஞ்சள் அட்டைகள் தொங்குகின்றன. இருபத்து நான்காவது அட்டை என் காரின் முன்பெட்டிக்குள் கிடக்கிறது. மகளின் தேர்வு முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது, இனி எதற்கு, கழற்றிவிடு என்று என் கணவர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். நான்தான் கழற்றாமல் இருக்கிறேன்.

அவை கொழுந்து மூட்டையில் கட்டுகிற அட்டைகள். நான் இந்தத் தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் எழுத்தராக வேலை செய்கிறேன். கிராணி என்ற பழைய பெயர் இங்கே இன்னும் ஒழியவில்லை. பெண் என்பதால் எனக்கு அது கிராணியம்மா. தேயிலை நட்ட பகுதியை இங்கே காடு என்பார்கள்; ஒவ்வொரு காட்டுக்கும் ஓர் எண் உண்டு. முன்பு, காட்டிலிருந்து தொழிற்சாலைக்கு இறங்கும் ஒவ்வொரு மூட்டையின் கழுத்திலும் அந்தக் காட்டின் எண் அச்சிட்ட அட்டை ஒன்று தொங்கும். ஸ்கேன் செய்யும் முறை வந்த பிறகு ஒரு கட்டு அட்டை ஸ்டோரில் தேவையில்லாமல் கிடந்தது. முன்பக்கம் எண், பின்பக்கம் வெறுமை. மழையில் ஊறாத கனமான அட்டை. இந்த மலையில் சாதாரணக் காகிதம் ஒரு வாரத்தில் நமத்துவிடும். அதனால் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன், மகளின் மீள்பார்வைக்கு.

அவள் அப்போது பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியத்தையும் ஒரு பாடமாக எடுத்திருந்தாள். அவள் பள்ளியில் அந்தப் பாடம் கிடையாது. தானா ராத்தாவில் ஓர் ஆசிரியை சனிக்கிழமைகளில் நான்கு பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். கணக்கையும் அறிவியலையும் ஒழுங்காகப் படித்தால் போதாதா, எதற்கு இந்தக் கூடுதல் சுமை என்று என் அக்காவே கேட்டாள். மகள் வாதம் செய்யவில்லை. சனிக்கிழமை காலையில் மட்டும் என்னைவிட முன்னால் எழுந்து உடுத்திக்கொண்டு நிற்பாள்.

தேர்வுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அணிகள், உத்திகள், இலக்கியச் சொற்கள் என்று இருபத்து நான்கைத் தேர்ந்து, ஒரு நாள் சாயங்காலம் நான் வரிசையாகச் சொல்ல, அட்டைகளின் பின்பக்கத்தில் அவள் எழுதினாள். உவமையில் தொடங்கி அங்கதத்தில் முடிக்க அரைமணி நேரம் போதும் என்று நினைத்தேன். அவளோ ஒவ்வொரு சொல்லுக்கும் அட்டைக்கட்டைப் புரட்டிப் புரட்டி ஏதோ ஒன்றை உருவினாள். கையில் வருகிறதை எடுத்து எழுதேன் என்று கடிந்துகொண்டேன். சோறு வெந்து, குழம்பும் இறங்கிய பிறகும் அவள் முடிக்கவில்லை. நூலில் கோக்கும்போது பார்த்தால் எண்கள் முன்னும் பின்னுமாகக் கலைந்து கிடந்தன. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. எனக்கு அட்டையின் முன்பக்கம் குப்பை. பின்பக்கம்தான் பாடம்.

விபத்து நடந்த சனிக்கிழமை நாங்கள் வகுப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். கியா பார்ம் பக்கம் வழக்கம்போல வெளியூர்க் கார்கள் ஸ்ட்ராபெரிக் கடைகளுக்கு முன்னால் நின்று நின்று போயின. முன்னால் கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரி. சரளமாக வராத சில அட்டைகளை நூலிலிருந்து கழற்றி ஸ்டியரிங்குக்கு மேலே செருகிவைத்திருந்தேன். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். தற்குறிப்பேற்ற அணிக்குச் சொந்தமாக ஓர் எடுத்துக்காட்டுச் சொல் என்றேன். இயல்பாக நடக்கிற ஒன்றுக்குக் கவிஞர் தம் மனத்திலிருந்து ஒரு காரணத்தைக் கற்பித்து ஏற்றுவது. அதற்கு ஓர் உதாரணம். அவள் சன்னல் பக்கம் திரும்பி யோசித்தாள். "ம்..." என்று இழுத்தாள். அந்த இடைவெளியில், வரையறையை நான் சரியாகத்தான் சொன்னேனா என்று பார்க்க அட்டையைக் கையில் எடுத்துக் குனிந்தேன்.

வளைவில் லோரி நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

அவள் தலை பக்கத்துக் கண்ணாடியில் மோதிய சத்தத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. ரத்தம் வரவில்லை. அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, கோஸ் உருளுது" என்றாள், ஏதோ வேடிக்கை பார்ப்பவள் போல. பிறகு வாந்தி எடுத்தாள்.

தானா ராத்தா மருத்துவமனையில் சேர்த்து, அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்பி, படம் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே கசிவு இல்லை. மூளை அதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார்கள். இரண்டு வாரம் படிப்பு கூடாது, கைப்பேசி கூடாது, கூசும் வெளிச்சம் கூடாது; நடக்கலாம், பேசலாம்; சில சொற்கள் கொஞ்ச நாளைக்குத் தாமதமாக வரும், பயப்படாதீர்கள். அந்தக் கடைசி வாக்கியத்தின் இரண்டாம் பாதி என் காதில் ஏறவேயில்லை. தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது.

வீட்டில் அவள் திரைச்சீலையை மூடிய அறையில் படுத்திருந்தாள். மூன்றாம் நாள் குவளை என்ற சொல் வராமல், "அந்தத் தண்ணி குடிக்கிறது" என்று கேட்டாள். கொடுத்துவிட்டு, இதன் பெயர் என்ன என்று கேட்டேன். அன்று முதல் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. கரண்டியைக் காட்டி இது என்ன என்பேன். வடிகட்டியைக் காட்டுவேன். பக்கத்து லயத்து வீட்டில் இருப்பது யார் என்பேன். சொன்னால் அடுத்ததைக் கேட்பேன். சொல்லத் தாமதமானால் அதையே மறுபடி காட்டுவேன். அவள் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

என் கணவர் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியைப் பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்.

"வாட்டப் போட்ட கொழுந்த சும்மா சும்மா அள்ளிப் பாக்கக் கூடாது. கை பட்ட எடமெல்லாம் செவந்து போயிரும். எத்தன புது ஆளுங்கள இதுக்கு ஏசியிருக்கேன்."

ஆனாலும் மறுநாள் வடிகட்டியைக் காட்டினேன்.

தமிழ் இலக்கியத் தாளை எழுத வேண்டாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். மற்றப் பாடங்களைத் தவிர்க்க முடியாது. இது ஒன்றுதான் விடக்கூடியது. கணவரும் சரி என்றார். ஆசிரியை கூட, உடம்புதான் முதலில், அடுத்த ஆண்டு எழுதலாம் என்று செய்தி அனுப்பினார். மகள் இருட்டறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இருபத்தி நாலு அட்டையும் கேளுங்க. எல்லாத்துக்கும் சொல்லிட்டேன்னா எழுதுவேன். ஒண்ணு தப்பினாலும் வேணாம், விட்டுடுறேன்" என்றாள்.

இப்படி ஒரு கடுமையான நிபந்தனையை நான் அவளுக்கு விதித்திருக்க மாட்டேன். அவளே தனக்கு விதித்துக்கொண்டாள்.

இரண்டாவது வாரக் கடைசியில், ஒரு மத்தியானம், கேட்டேன். படிக்கக் கூடாது என்பதால் எல்லாம் வாய்வழிதான். நான் விளக்கத்தைச் சொல்வேன். அவள் பெயரைச் சொல்ல வேண்டும். முதல் எழுத்து ஒன்றி வருவது? மோனை. கதை முடிவிலிருந்து தொடங்கிப் பழையதை நினைத்துப் போவது? பின்னோக்கு உத்தி. சில கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, கால்விரல்களை மெல்ல அசைத்து, ஏதோ ஏறி இறங்குகிறவள் போல மூச்சு வாங்கிப் பிறகு சொன்னாள். ஆனால் சொன்னாள். இருபத்து மூன்று. எனக்கே நம்பிக்கை வரத் தொடங்கியிருந்தது.

கடைசியாக, இயல்பான நிகழ்வின் மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது என்றேன். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தது நான்தான்.

அவள் கால்விரல்கள் நெடுநேரம் அசைந்தன. பிறகு, "பன்னண்டு" என்றாள்.

"என்னது?"

"பன்னண்டும்மா. பன்னண்டுதான். பேருதான் வர மாட்டேங்குது."

அணியின் பெயர் கேட்டால் எண் சொல்கிறாள். கார் இன்னும் பட்டறையில் இருந்தது. அவசரம் என்று சொல்லித் தோட்டத்து வண்டியை வரவழைத்து, அவளை ஏற்றிக்கொண்டு தானா ராத்தா மருத்துவமனைக்குப் போனேன். வழியெல்லாம் அவள் என்னவோ சொல்ல வந்தாள். பேசாதே, தலையை அசைக்காதே என்று அடக்கிவிட்டேன்.

அன்று இருந்த மருத்துவர் கீழ் ஊரிலிருந்து மாற்றலாகி வந்த இளம் தமிழ்ப்பெண். நான் நடந்ததைக் கொட்டினேன். எண்ணும் சொல்லும் குழம்பிவிட்டன, மறுபடியும் படம் எடுங்கள் என்றேன். அவர் மகளின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார், பிறகு அவளிடமே கேட்டார்.

"பன்னண்டுன்னா என்னம்மா?"

"அட்டையோட முன்பக்கம் டாக்டர்" என்றாள் மகள். "எங்க எஸ்டேட்ல பன்னண்டாம் நம்பர் காடு. அம்மா பின்பக்கம் மட்டும்தான் பாப்பாங்க."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அன்று சாயங்காலம் அவள் அட்டைக்கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தது சும்மா இல்லை. ஒவ்வொரு சொல்லையும் தோட்டத்தின் ஒவ்வொரு காட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். நான்காம் நம்பரில் ஒவ்வொரு தேயிலை நிரையின் தலைமாட்டிலும், எப்போதோ ஒரு வெள்ளைக்காரத் துரை நட்டுவைத்த, ஒரே மாதிரியான மரம் நிற்கும், அது மோனை. ஏழாம் நம்பரில் எல்லா நிரையும் போய் ஓடையில் முடியும், அது இயைபு. பெயர் மறந்தால் காட்டுக்கு நடந்துபோவாள். போய்ப் பார்த்துச் சொல்லை எடுத்துக்கொண்டு வருவாள். அந்தக் காட்டு எண்களைத் தினமும் காலையும் மாலையும் கணினியில் பதிகிறவள் நான். பதினைந்து வருடமாகப் பதிகிறேன். என் வீட்டுச் சன்னலில் தொங்கியவற்றை ஒரு முறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

மருத்துவர் சிரித்தார். "உங்க பொண்ணுக்கு வழி மறக்கலம்மா. கடைசி வீட்டுக் கதவு மட்டும் கொஞ்சம் இறுகியிருக்கு. தொறந்துக்கும்" என்றார். வெளியே வரும்போது என்னிடம் தனியாக, நீங்கள் இரவில் தூங்குகிறீர்களா என்று கேட்டார். வண்டி காத்திருக்கிறது என்று சொன்னேன்.

வண்டியில் வரும்போது பெயரை நானே சொல்லிவிடட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். "நீங்க சொன்னா அது உங்களோடது. நானே எடுக்கிறேன்."

ஆக, நிபந்தனைப்படி ஒன்று தப்பியது. அவள் அதைப் பற்றி முறையிடவில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவளாக, பாடத்தை விட்டுவிடுவதாக ஆசிரியைக்குச் செய்தி அனுப்பச் சொன்னாள். எனக்கு வேண்டியது அதுதானே? இருந்தும் விரல் எழுதவில்லை. நாளைக்கு அனுப்பலாம் என்றேன்.

மறுநாள் வேலை முடித்துச் சீக்கிரம் வந்து, நடக்கப் போகலாமா என்று கேட்டேன். நடக்கலாம் என்றுதானே மருத்துவர் சொல்லியிருந்தார். தொழிற்சாலையைச் சுற்றி மண்சாலையில் ஏறினோம். ஒவ்வொரு காட்டின் முனையிலும் எண் எழுதிய கல் இருக்கிறது. அவள் ஒவ்வொரு கல்லிலும் நின்று தன் சொல்லைச் சொன்னாள். ஒன்பதாம் நம்பர் உயர்வு நவிற்சி. அங்கே அந்தக் காலத்தில் ஒரே ஆள் மூன்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஓடினார் என்று சொல்வார்கள். போன வருடம் கேட்டபோது இரண்டு மூட்டையாக இருந்தது என்றாள். வெறும் பெயர்களாக நான் திணித்தவற்றுக்கு அவள் மண்ணும் மேடும் கொடுத்து வைத்திருந்தாள். எனக்கு அவளிடம் பேசவே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பன்னிரண்டாம் நம்பர் உச்சியில், செங்குத்தான காடு. வெட்டும் இயந்திரம் ஏறாத இடம் என்பதால் இன்னும் கைக்கத்திரிதான். பக்கத்து லயத்து அக்கா அங்கே நின்றிருந்தார். அவருடன் வேலை செய்தவர்களில் முக்கால்வாசிப்பேர் வங்காளதேசத்துப் பையன்கள். அவர்களையும் இந்த அக்கா தமிழிலேயே ஏசுவார், அவர்களும் தமிழிலேயே பதில் சொல்வார்கள். எங்களைப் பார்த்ததும் கத்திரியைத் தோளில் சாய்த்தார்.

"என்னா கிராணியம்மா, மலை ஏற வச்சிட்டியா பாப்பாவ? புள்ள இப்பதான் எந்திரிச்சிருக்கு."

அவள்தான் என்னை ஏறவைத்தாள் என்றேன். அப்போது உச்சிக்கு மேலிருந்து மூடுபனி இறங்கத் தொடங்கியது. இந்தப் பக்கத்தில் மத்தியானத்துக்குப் பிறகு நாள் தவறாமல் நடப்பது. முதல் நிரை மறைந்தது, பிறகு இரண்டாவது. அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"கங்காணி வந்துட்டாரு லா. ஒவ்வொரு நெரையா எண்ணிப் பாத்துட்டுத்தான் எறங்குவாரு. எவன் கொழுந்த விட்டுட்டுப் போனான்னு கண்டுபுடிக்காம போவ மாட்டாரு."

பையன்கள் சிரித்தார்கள். வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் பெயரைத்தான் இந்தக் காட்டில் மூடுபனிக்கு வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. மகளுக்குச் சிறு வயதிலேயே தெரிந்திருக்கிறது. அவள் என்னைப் பார்த்தாள். இதுதான் என்பதுபோல.

நான் சும்மா இருந்திருக்கலாம். படித்த புத்தி விடவில்லை. பனியைக் கங்காணி என்கிறார்கள், அப்படியானால் அது உருவகம் அல்லவா என்றேன்.

"பனிதான் கங்காணின்னு மட்டும் சொன்னா உருவகம்" என்றாள், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லையும் கால் வைத்துப் பார்த்து. "பனி எப்பவும் எறங்கத்தான் எறங்கும். அதுக்குக் காரணம் தேவையில்ல. ஆனா அக்கா ஒரு காரணம் சொல்றாங்க பாருங்க, எண்ணிப் பாக்க வருதுன்னு. அந்தக் காரணம் பனிகிட்ட இல்ல. அக்கா மனசுல இருக்கு. வேலை செய்றவங்க பயம் அது. அத எடுத்துப் பனி மேல ஏத்திட்டாங்க. அப்ப அது வேற அணி. பன்னண்டு."

அக்காவுக்குப் பாதி புரிந்திருக்காது. ஆனாலும், "நான் பயந்துட்டாலும்" என்று சொல்லிவிட்டுக் கத்திரியை எடுத்துக்கொண்டு பனிக்குள் போனார்.

நான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு வாரமாக நானும் அதையே செய்திருந்தேன். சொல்லுக்குத் தாமதித்த ஒவ்வொரு கணத்திலும், கரண்டிக்கும் வடிகட்டிக்கும் நடுவில் அவள் விட்ட ஒவ்வொரு மூச்சிலும், என் பயத்தை எடுத்து ஏற்றியிருந்தேன். பிள்ளை களைத்திருந்தாள், அவ்வளவுதான். காரணமெல்லாம் என்னிடம் இருந்தது. ஓர் இலக்கிய ஆசிரியை வகுப்பில் இந்த அணியை இதைவிடத் தெளிவாக விளக்கி நான் கேட்டதில்லை. அதன் பெயர் மட்டும்தான் அவளிடம் இல்லை.

இறங்கும்போது சொன்னேன், நீ எழுது என்று. ஒன்று தப்பிவிட்டதே என்றாள். தப்பவில்லை என்றேன். பெயரை அன்றும் நான் சொல்லவில்லை. நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலைகளில் அதுவும் ஒன்று.

கார் பட்டறையிலிருந்து திரும்பியபோது, இருக்கைக்கு அடியில் கிடந்தது என்று சொல்லிப் பன்னிரண்டாம் நம்பர் அட்டையை முன்பெட்டியில் போட்டிருந்தார்கள். மகளுக்கு அது தெரியும். கை நீட்டினால் எட்டும். அவள் திறந்து பார்க்கவில்லை.

தேர்வு நாளன்று அப்பா கொண்டுபோய் விடட்டும் என்றேன். விபத்துக்குப் பிறகு அவளை வைத்து நான் ஓட்டியதில்லை. "நீங்கதான் ஓட்டணும்" என்றாள். ஓட்டினேன். பின்னால் வந்த வண்டிகள் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தன.

"அடேயப்பா, என்னா வேகம்மா. பறக்குறீங்க" என்றாள். சற்றுப் பொறுத்து, "இது எந்த அணின்னு கேளுங்க" என்றாள்.

வஞ்சப்புகழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தேன். சிரித்தால் கண் சாலையை விட்டுவிடும் என்று பயம்.

தேர்வு முடிந்து வந்து ஏறினாள். முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. பிரிஞ்சாங் தாண்டும்வரை நான் ஒன்றும் கேட்கவில்லை. கியா பார்ம் வந்தது. கடைகளுக்கு முன்னால் கார்கள் நின்றன, ஒரு காய்கறி லோரி எனக்கு முன்னால் போனது. நான் மூன்று கார் அளவுக்கு இடம் விட்டு ஊர்ந்தேன்.

"கேக்க மாட்டீங்களா?" என்றாள்.

"ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவளே சொன்னாள். ஒரு செய்யுளடியைக் கொடுத்து அதில் உள்ள அணியின் பெயரை எழுதி விளக்கச் சொல்லியிருந்தார்கள். பார்த்ததும் பன்னிரண்டு என்று தெரிந்துவிட்டதாம். பெயருக்கு இடம் விட்டுவிட்டு விளக்கத்தை எழுதத் தொடங்கினாளாம். பனிக்கு இறங்கக் காரணம் தேவையில்லை என்று அன்று மலையில் சொன்னதையே, அந்தச் செய்யுளுக்கு ஏற்றபடி மாற்றி எழுதிக்கொண்டு போனபோது, வரி முடிவதற்குள் பெயர் வந்து நின்றதாம். தேடாமலே வந்தது என்றாள். மேலே போய் விட்ட இடத்தில் எழுதினாளாம்.

லோரி நின்றது. நான் அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டேன். அதே வளைவு. அவள் அன்றுபோலவே சன்னல் பக்கம் திரும்பி, கடைகளுக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்த பனியைப் பார்த்தாள்.

"தற்குறிப்பேற்றம்" என்றாள். "அன்னைக்குக் கேட்டீங்கல்ல, உதாரணம். கங்காணின்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க அதுக்குள்ள குனிஞ்சுட்டீங்க."

தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. நான் இப்போதும் அந்த வளைவில் மெதுவாகத்தான் போகிறேன். பக்கத்து இருக்கையில் அவள் இருந்தால் எதையும் கேட்பதில்லை. அவளாகப் பேசினால் சாலையைப் பார்த்தபடி கேட்டுக்கொள்கிறேன்.